யாங்கூனில் உறைந்த பூட்டு

எங்கள் குடும்பத்தில் அக்காலத்தில் எவரும் வானிலிருந்து பனி விழுவதைக் கண்டதில்லை. மார்கழி பிறந்து, பெரியவர்கள் இன்னும் ரங்கூன் என்றே சொல்லும் யாங்கூனில் காற்று சற்றே குளிர்ந்துவிட்டால், பெரியப்பா காது மூடும் கம்பளிக் குல்லாய் ஒன்றை அணிந்துகொண்டு, இமயத்தின் அடிவாரத்தில் குடியிருப்பவரைப்போல் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வார். அப்பாவின் தங்கையாகிய என் அத்தை, காலுறை அணிந்துதான் உறங்குவாள். பெரியம்மா ஒருத்திதான் எப்பருவத்திலும் மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்து, புழுக்கத்தைப் பழித்துக்கொண்டிருப்பாள். இத்தகைய வீட்டுக்குள் உறைந்த பூட்டு ஒன்றைப் பற்றிய வழக்கு வந்து நுழைந்தது வியப்புக்குரியதே. அதைக் கொண்டுவந்தது ஒரு வண்டி.

பெரியப்பாவுக்கு, ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பழைய வண்டிகளுக்குத் தரகு பேசும் தொழில். ஊரார்க்கெல்லாம் வண்டி அமைத்துக் கொடுத்தவர், தமக்கென ஒன்று வாங்கியபோது தலை நரைத்திருந்தது. வெள்ளை நிறம், நீண்ட பின்பகுதி, வலப்புறத்தில் ஓட்டுநர் இருக்கை. எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறமாகவே செல்ல வேண்டும். ஆதலால் இத்தகைய வண்டியில் ஓட்டுநர் மட்டும் சுகமாக நடைபாதையில் இறங்குவார். மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக்குவரத்தின் நடுவே இறங்குவார்கள். இதை இங்கே யாரும் விந்தையாகக் கருதுவதில்லை. பொத்தானை அழுத்தித் திறக்கும் வசதி அவ்வண்டியில் கடல் தாண்டும்போதே செத்துவிட்டது. ஓட்டுநர் கதவில் சாவியை நுழைத்துத் திருகினால்தான் வண்டி திறக்கும்.

லான்மடாவில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் கீழே அது வந்து நின்ற அன்று, குடும்பமே அதை உள்ளும் புறமும் சோதித்தது. இருக்கைக்கு அடியில் நீண்ட கைப்பிடியுடைய தூரிகை ஒன்று கிடந்தது; அதன் மறுமுனையில் தட்டையான பிளாஸ்டிக் அலகு. கண்ணாடியில் படியும் பனியைச் சுரண்டுவதற்கானது என்பதை அறியாத பெரியம்மா, தூரிகையால் ஒட்டடை அடிக்கவும், அலகால் பலகையில் ஒட்டிய மாவை வழிக்கவும் அதைப் பயன்படுத்தத் தொடங்கி, ஜப்பானியர்களின் அறிவை வியந்தாள். கதவின் உட்பையில் விரல் நீளத்தில் ஒரு சிறு குப்பி இருந்தது. அழுத்தினால் பீச்சியடிக்கும். அதன்மேல் ஒரு சாவியின் படமும், ஆறு முனையுள்ள பனித்துகளின் படமும், எங்களில் எவரும் படிக்கவியலாத எழுத்துகளும் இருந்தன.

பெரியப்பா அதை ஒரு பார்வையிலேயே தீர்மானித்துவிட்டார். பனியைப்போல் குளிர்ந்த நறுமணம். வண்டி வைத்திருப்பவர்கள் பூசிக்கொள்வது. அந்த வாரத் திருமண விருந்துக்குப் புறப்படுகையில் இரு தோள்களிலும் பீச்சிக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி முழுவதும் ஊசி போடும் அறையைப்போல் மணத்தது. நான் பயந்து, பின்னிருக்கையின் மூலைக்கு நகர்ந்துகொண்டேன். விருந்தில் பந்திக்கு அமர்ந்தபோது, பக்கத்து இலைக்காரர் மெல்லச் சாய்ந்து, "என்னண்ணே, யாருக்கு ஒடம்பு சரியில்ல? நேரா ஆஸ்பத்திரிலேருந்து வர்றீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் அத்தை அந்தக் குப்பியை எடுத்துப் பார்த்தாள். அவள் பகலில் லைங் தாயாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் நகருக்குள் ஜப்பானிய மொழி வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்தாள். வகுப்பு எதற்காக என்பதை வீட்டில் யாரும் அதுவரை பெரிதாக எண்ணியதில்லை. எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, இது சென்ட்டு இல்ல. வண்டிக் கதவுப் பூட்டு பனியில ஒறஞ்சு போச்சுன்னா உள்ள அடிக்கிற மருந்து. ஸ்பிரிட்டு மாதிரி. இது ஒறையாது, ஒறஞ்சத எளக்கிடும்."

"பூட்டு ஒறையுமா? இரும்பு எப்படிம்மா ஒறையும்?"

"இரும்பு இல்லண்ணே. ஓட்டைக்குள்ள போன தண்ணி ஒறஞ்சிரும். சாவி போவாது, போனாலும் திரும்பாது. எங்க சென்செய் சொல்லியிருக்காங்க. அங்க காலையில வேலைக்குப் போறவங்களுக்கு இதே ரோதனையாம்."

சென்செய் என்று அவள் சொன்னது அவளுடைய ஆசிரியையை. 'அங்க' என்று சொன்னதுதான் வினையாயிற்று. எங்கே என்று பெரியம்மா கேட்க, உண்மை வெளிவந்தது. ஜப்பானின் வடபகுதியில் ஒரு சிற்றூர், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணி, அத்தை தேர்வாகிவிட்டாள், அந்த மாதம் முடிவதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு. பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், தன்லியினில் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இலையில் சுற்றிய இனிப்பு வாங்கி வருவார் என்பதால் எனக்கு அவர்மேல் தனியான மதிப்பு இருந்தது. அத்தையை அவருக்குக் கொடுப்பதென்று பெரியம்மா நெடுநாளாக மனத்துக்குள் முடித்து வைத்திருந்தாள். பெரியப்பாவும் மறுத்துச் சொல்லாததால் அது பாதி வாக்குக் கொடுத்ததாகவே ஆகியிருந்தது. இப்போது அவள் வாதாடும் முறையே அலாதியாயிற்று. சோறு போடும் வேளையில், அந்தக் குப்பியைக் கொண்டுவந்து மேசையின் நடுவே ஊறுகாய் வைப்பதுபோல் வைப்பாள். பிறகு பேசுவாள்.

"இரும்புப் பூட்டே வெறச்சுப் போற ஊருக்கு இவள அனுப்பப் போறீங்களா? இங்க தை மாசத்துக்கே ரெண்டு போர்வ போத்துறா."

"அதானே," என்பார் பெரியப்பா, குழம்பை நோக்கி.

"அங்க போயி வெறச்சுக் கெடந்தா யாரு மருந்து அடிப்பா?"

"அதானே."

அத்தை எழுந்து கை கழுவப் போவாள். பெரியப்பா பெரியம்மாவின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அவள் நினைத்ததை அவள் முதுகே காட்டியது. பெரியம்மாவின் தம்பியை வேண்டாம் என்று தம் வாயால் சொன்னால் பெரியப்பா அந்த வீட்டில் எத்தனை ஆண்டு சுகமாகச் சாப்பிட முடியும் என்பதை எண்ணிப் பார்க்கும் வயது எனக்கு இல்லை.

ஒரு மாலை, முன்மாடத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஒவ்வொரு மாடத்திலிருந்தும் ஒரு கயிறு கீழே தொங்கும். அதன் நுனியில் ஒரு கவ்வி இருக்கும். செய்தித்தாளோ ரொட்டியோ கீழே மாட்டினால், மேலேயிருப்பவர் இழுத்துக்கொள்வார். மாடிப்படி ஏறும் துன்பம் இல்லை. அன்று அவர் ரொட்டியை இழுத்துக்கொண்டிருக்கையில் அத்தை அருகே வந்தாள். நான் கம்பிகளுக்கிடையில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தேன்.

"உனக்கு நெசமாவே போவணுமா, பாப்பா?" என்று கயிற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"போவணும்ண்ணே."

"குளிருமே."

"குளுரட்டும். அது குளுரு. இது..." என்று தொடங்கிய அத்தை, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பெரியப்பா கயிற்றைச் சுருட்டி முடித்து, ரொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். பேசிப் பேசிப் பயனில்லை, சோதித்துப் பார்த்துவிடலாம். வண்டியின் பூட்டை அவரே உறைய வைப்பார். அத்தை மருந்து எதையும் தொடாமல் அதைத் திறக்க வேண்டும். கடையிலிருந்து ஒரு தேநீர் வாங்கி வண்டியின் முகப்பில் வைக்கப்படும், அது ஆறுவதற்குள் திறந்தால் ஜப்பான், திறக்காவிட்டால் தன்லியின்.

"பேச்சு மாறக் கூடாது," என்றாள் பெரியம்மா.

"மாறினா ஏண்டான்னு கேளு."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. பெரியம்மாவோ பனிக்கட்டியின் ஆற்றலில் முழு நம்பிக்கை கொண்டவள். பால் ஐஸ் செய்யும்போது, வெறும் பனிக்கட்டியைவிட உப்புக் கலந்த பனிக்கட்டியே கடுமையாகக் குளிரும் என்பதை அறிந்தவள். மீன்காரரிடமிருந்து ஒரு மூட்டை நொறுங்கிய பனிக்கட்டி வரவழைத்தாள். சமையலறையிலிருந்த கல்லுப்பு முழுவதையும் தானாகவே கொடையளித்தாள். ஒரு சோதனைக்கு எதிர்த்தரப்பு இவ்வளவு தாராளமாகப் பொருளுதவி செய்ததை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

பூட்டுத் துளைக்குள் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பெரியப்பா தாமே ஏற்றுக்கொண்டு, ஒரு தம்ளரில் தண்ணீருடன் முதலில் இறங்கிப் போனார். நாங்கள் மாடத்திலிருந்து பார்த்தோம். வண்டியின் கதவருகே குனிந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெகுநேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஊத்தியாச்சு, வாங்க," என்று கைகாட்டினார். தம்ளரில் தண்ணீர் முக்காலுக்குமேல் அப்படியே இருந்தது. அதைத் தெருவோரச் செடிக்கு ஊற்றினார்.

பெரியம்மா இறங்கி, பனிக்கட்டியையும் உப்பையும் பிசைந்து, துணியில் மூட்டையாகக் கட்டி, கதவுப் பிடியோடு சேர்த்து இறுக்கினாள். மூட்டையிலிருந்து வெண்புகை கசிந்தது. நடைபாதையில் முக்காலி போட்டு அமர்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தேநீர்க் கடைக்காரர் தோளில் துண்டுடன் வந்து நின்று, பர்மிய மொழியில், மாமா என்று விளித்து, "ஊ லே, வண்டிக்குக் காய்ச்சலா? ஒத்தடம் கொடுக்கிறீர்களே?" என்று கேட்டார்.

"பரீட்சை," என்றார் பெரியப்பா, அதே மொழியில்.

"வண்டிக்கா?"

"என் தங்கைக்கு."

கடைக்காரர் சற்றே சிந்தித்து, இது ஏதோ தமிழர்களின் நோன்பு என்று முடிவு செய்து, தம் வாடிக்கையாளர்களுக்கும் அவ்வாறே விளக்கினார். அவர்கள் மரியாதையாக எழுந்து நின்று பார்த்தார்கள்.

எனக்கு நடுவர் பதவி அளிக்கப்பட்டிருந்தது. பூட்டு உறைந்ததா என்று பார்ப்பது என் வேலை. மூட்டை பாதி கரைந்தபின், முகத்தை அருகே கொண்டுபோனேன். குளிர் மூக்கில் ஏறியது. அதனோடு, திருமண நாளன்று வண்டியில் வீசிய அதே ஊசி அறை மணமும் வீசியது.

"பெரியப்பா, ஆஸ்பத்திரி வாசன வருது," என்றேன்.

"ஜப்பான் வண்டிக்கு ஜப்பான் வாசனதான் வரும்," என்றார். "ஒறஞ்சிருக்கா, அதச் சொல்லு."

கதவுப் பிடியின் ஓரத்தில் மெல்லிய வெண்படலம் படிந்திருந்தது. உறைந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தேன். பெரியம்மா பெருமையுடன் இடுப்பில் கைவைத்து நின்றாள். பின்னர், புதிதாக ஒரு நிபந்தனை விதித்தாள்.

"மூட்டைய அவளே எடுக்கட்டும். வெறுங்கையால. அங்க எந்நேரமும் கையுறையோடவா இருப்பா?"

அத்தை வந்தாள். துணியை அவிழ்த்து, உப்பும் பனியும் கலந்த அந்தக் கூழை இரு கைகளாலும் அள்ளி அள்ளிச் சாக்கடையில் போட்டாள். விரைவாகச் செய்திருக்கலாம், அவள் விரையவில்லை. வீட்டில் காலுறை இல்லாமல் உறங்காதவள், கடைசித் துண்டு வரை வாய் திறக்காமல் அள்ளினாள். உள்ளங்கைகள் வேகவைத்த இறாலைப்போல் சிவந்துவிட்டன. அதைக் கண்டதும், எதிர்த்தரப்பில் நிற்பதை மறந்த பெரியம்மா, தன் முந்தானையை நீட்டிவிட்டாள். நினைவு வந்ததும் அதை மெல்ல இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கடைக்காரர் தேநீரைக் கொண்டுவந்து வண்டியின் முகப்பில் வைத்தார். ஆவி பறந்தது. மேலே மாடத்தில் நின்ற அம்மா, சாவியைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றில் இறக்கினாள். அது சுழன்று சுழன்று இறங்கியதைத் தெருவே அண்ணாந்து பார்த்தது. அத்தையின் விரல்கள் விறைத்திருந்ததால், கவ்வியைத் திறக்க அவளால் முடியவில்லை. இரண்டு முறை நழுவிற்று. பெரியப்பா உதவவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகச் சாவி கைக்கு வந்தது. அத்தை தன் சென்செய் சொல்லிக் கொடுத்த வழியைப் பின்பற்றினாள். கடைக்காரரிடம் தீமூட்டி வாங்கி, சாவியைச் சூடாக்கினாள். பூட்டின்மேல் இரு கைகளையும் குவித்து, வாயை வைத்து ஊதினாள். அவள் கண்களை மூடியிருந்தாள். ஊதுகிறாளா, வேண்டிக்கொள்கிறாளா என்று சொல்வதற்கில்லை.

"ஆறுது, ஆறுது," என்றாள் பெரியம்மா, தேநீரைக் காட்டி.

அத்தை சாவியை நுழைத்தாள். உடம்பின் வலிமையையெல்லாம் மணிக்கட்டில் திரட்டித் திருகினாள். பூட்டு எள்ளளவும் எதிர்க்கவில்லை. 'டக்' என்று திறந்துகொண்டது. எதிர்ப்பை எதிர்பார்த்துப் பாய்ந்தவள், நிலைதடுமாறி வண்டியின்மேலேயே மோதிக்கொண்டாள். தேநீரில் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

நடைபாதை கைதட்டியது. நோன்பு நல்லபடியாக முடிந்ததில் கடைக்காரருக்கு அளவற்ற மகிழ்ச்சி. அத்தை நெற்றியைத் தடவிக்கொண்டு, பூட்டையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், பிறகு அழுதாள்.

பெரியம்மா மட்டும் வண்டியின் அருகே வந்தாள். பூட்டுத் துளையில் விரலை வைத்துத் தேய்த்து, அவ்விரலை மூக்கருகே கொண்டுபோனாள். தெருவில் எந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் எங்கள் மாடியிலிருந்தே சொல்லக்கூடிய மூக்கு அது. பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா தேநீரைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அந்தத் தேநீரில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

"பந்தயம்னா பந்தயம்தான்," என்றாள் பெரியம்மா முடிவில். "தன்லியினுக்கு நான் பேசிக்கிறேன்." பிறகு தேநீரை எடுத்து அத்தையின் சிவந்த கைகளில் திணித்தாள். "புடி. சூடா இருக்கு. கை மரத்துக் கெடக்கு பாரு, பைத்தியக்காரி."

அன்று பிற்பகல், நடுவர் வேலைக்குக் கூலியாக அந்தக் குப்பியை என்னிடம் கொடுத்துவிடும்படி பெரியப்பாவைக் கேட்டேன். இனி அதற்கு வேலை இல்லை என்பது என் வாதம். உடனே கொடுத்துவிட்டார். ஆவலுடன் அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே ஓசையே இல்லை. முந்தின வாரம் குலுக்கியபோது சலசலத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"நம்ம ஊரு வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும்," என்றார் பெரியப்பா. ஜப்பானியர்கள்மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்று கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் முதல் வீட்டில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. பெரியப்பா தேநீரில் சர்க்கரையைத் தாராளமாக விரும்புகிறவர். அவருக்கு வந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார், பெரியம்மாவைப் பார்த்தார், மறுபேச்சின்றி முழுவதையும் குடித்து முடித்தார். கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த துளியை நான் நக்கிப் பார்த்தேன். சர்க்கரையே இல்லை. ஆனால் எனக்கு வந்த தேநீரில் வழக்கம்போல் இருந்தது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று பள்ளியில் தோழிகளிடம் வருத்தத்துடன் தெரிவித்தேன். அத்தையின் கடவுச்சீட்டு வேலைகள் முடியும்வரை அந்த நோய் நீடித்தது.

தன்லியின் மாமா பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. அத்தை புறப்படும் நாளில் வழக்கம்போல் இனிப்புடன் வந்து, பெட்டிகளைக் கீழே இறக்கித் தந்தார். பெரியம்மா தன் கையால் பின்னிய இரண்டு கம்பளிச் சட்டைகளையும், தேய்த்துக் கழுவிய அந்தப் பனித் தூரிகையையும் அத்தையின் பெட்டியில் வைத்தாள். அந்த ஊருக்குரியது அந்த ஊருக்கே போகட்டும் என்றாள்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை, அத்தை தொலைபேசியில் முகம் காட்டி அழைத்தாள். நாங்கள் எல்லோரும் சிறு திரையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டோம். மூக்கு நுனி சிவந்திருந்தது. பெரியம்மா பின்னிய சட்டையின் கழுத்துப் பகுதி தெரிந்தது. பின்னால் உலகமே வெள்ளையாக இருந்தது. அவள் கருவியைத் திருப்பி, வண்டி ஒன்றைக் காட்டினாள். கூரைமேல் மெத்தை விரித்ததுபோல் பனி.

"அண்ணே, இல்லத்து வண்டி. பூட்டு ஒறஞ்சு போச்சு. சாவியக் காச்சுனேன், ஊதுனேன், வெந்நிப் பைய வச்சேன். அசைய மாட்டேங்குது. நம்ம ரங்கூன்ல மட்டும் அப்படி ஒரே திருப்புல தொறந்துச்சே, அது எப்படிண்ணே?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு, விடை தெரியாமல் கேட்பவளின் சிரிப்பாக இல்லை.

பெரியப்பா கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டார். "ஜப்பான் ஐசு வேற, நம்ம ஐசு வேறம்மா," என்றார்.

"என்னங்க," என்று சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது, "டீ போடவா? சர்க்கர போட்டா, போடாமலா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியப்பா, "போடாமலே குடு," என்றார்.

எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். ஜப்பானில் ஒரு பூட்டு உறைந்துவிட்டதற்கு யாங்கூனில் ஒருவர் ஏன் சர்க்கரையில்லாத தேநீரைக் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அன்று விளங்கவில்லை.